புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விடலாமா?

விட வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது இது: மட்டக்களப்பில் இருக்கிறீர்கள், இரண்டடித் தொட்டி வாங்கி மணலும் ஸ்பொஞ் ஃபில்டரும் வைத்தாயிற்று. விற்றவர் "ஒரு நாள் தண்ணியை நிற்க விட்டு மீனைப் போடுங்க" என்கிறார், வேறு சிலர் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி? ஒரு மாதம் பொறுங்கள். கல்லடியில் என் வீட்டில் எட்டு வருடமாகத் தொட்டி இருக்கிறது. முதல் தொட்டியில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்தநாளுக்கென்று ஆறு கப்பியும் இரண்டு தங்கமீனும் வாங்கினோம். சொன்னபடி ஒரு நாள் தண்ணீரை நிற்க வைத்து மறுநாள் விட்டோம். நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்பதாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை. அம்மா நாவூறு என்றார். பக்கத்து வீட்டு அன்ரி, சிலருக்குக் கை ராசி இல்லை என்றார். மகள்தான், "நான் சாப்பாடு கூடப் போட்டுட்டனா அப்பா?" என்று கேட்டாள். அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது, அதில் மீன் கழித்த நஞ்சு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துப்போக அந்தத் தொட்டிக்குள் யாரும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்த "யாரும்" பற்றீரியாக்கள். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது, மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. ஒரு கூட்டம் பற்றீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். (பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டம் என்ற பாடத்தில் நைத்திரைற்று, நைத்திரேற்று என்று படித்தவைதான் இவை. கடைப் பேச்சில் வருகிறபடி எழுதுகிறேன்.) அமோனியா செவுளை எரிக்கும். நைட்ரைட் இரத்தத்தில் ஏறி ஒட்சிசனைச் சுமக்க விடாமல் செய்யும், இரத்தமே பழுப்பு நிறமாகிவிடும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி இறக்கிக்கொள்ளலாம்.

படுவான்கரையில் வயல் செய்யும் என் மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "யூரியா போட்ட உடனே பயிருக்குப் போகாது மனே, மண் அதை மாத்திக் குடுக்க வேணும்" என்றார். தொட்டியில் நடப்பதும் அதே மாற்றம்தான். மண்ணில் இந்தப் பற்றீரியாக்கள் எப்போதும் இருக்கின்றன, கழுவித் துடைத்த புதுக் கண்ணாடியில் இல்லை. காற்று, தூசி, தண்ணீர், செடி வழியாகச் சில வந்து சேரும், ஆனால் பெருகுவதில் மிகவும் மந்தம். சாதாரணக் கிருமிகள் அரை மணிக்குள் இரட்டிப்பாகும், இவற்றுக்கு நல்ல வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஒரு மாதக் கணக்கு அதனால்தான் வருகிறது.

சரி, மீன் இல்லாமல் பற்றீரியாவுக்கு எதைச் சாப்பிடக் கொடுப்பது? நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. வாவியில் பிடித்த பச்சை இறால் ஒன்று போதும். உப்பு, மஞ்சள் எதுவும் படாத இறாலை நன்றாகக் கழுவி, பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து தொட்டியில் தொங்க விடுங்கள். எயார் பம்ப் இரவு பகல் ஓடட்டும், இந்தப் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும். இரண்டு மூன்று நாளில் இறாலைச் சுற்றி வெள்ளைப் படலம் வரும், தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கும், கொஞ்சம் வாடையும் அடிக்கும். பயந்து தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அது இறாலை அழுகவைக்கும் வேறு பற்றீரியா, தானாகத் தெளியும். தொட்டியை மட்டும் குசினியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இங்கே ஒரு செலவைத் தவிர்க்க முடியாது: சொட்டு மருந்து மாதிரித் துளி விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) நான்கும் தேவை. விலை கூடத்தான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பங்கு போட்டோம். கிட் இல்லாமல் கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது, என் முதல் தொட்டியின் தெளிந்த தண்ணீர்தான் அதற்குச் சாட்சி.

முதல் வாரம் அமோனியா ஏறும். லீற்றருக்கு 3 அல்லது 4 மில்லிகிராம் வந்ததும் இறாலை எடுத்துவிடுங்கள், 5ஐத் தாண்ட விடாதீர்கள். மிகவும் கூடினால் நைட்ரைட்டைத் தின்னும் இரண்டாம் கூட்டம் தலைதூக்க முடியாமல் தடைப்படும். பத்து நாள் அளவில் நைட்ரைட் தெரியத் தொடங்கும், சோதனைக் குழாய் ஊதாவாகும். பிறகு அமோனியா விழும், நைட்ரைட் மட்டும் உச்சியில் நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். பொறுமை போகிற கட்டம் இதுதான். என் இரண்டாவது தொட்டியில் பதினாறு நாள் அப்படியே நின்றது. மகள் தினமும் பள்ளிக்கூடத்தால் வந்து குழாயைத் தூக்கிப் பார்த்து "இன்னும் ஊதாதான்" என்பாள். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் வெளிர் நீலம். இரண்டே நாளில் ஒன்றுமில்லாமல் இறங்கிவிட்டது.

அமோனியா விழத் தொடங்கிய பிறகும் அந்தப் பற்றீரியாக்களுக்குத் தீனி தொடர்ந்து வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இறால் துண்டு போடலாம். தூய அமோனியம் குளோரைட்டு கிடைத்தால் அது இன்னும் வசதி, வாடை இல்லை, அளவும் பிடிபடும். 50 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிராம் போட்டால் அமோனியா லீற்றருக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம் ஆகும். சிலர் வயலுக்குப் போடும் யூரியாவையே போடுகிறார்கள். அது முதலில் உடைந்து அமோனியாவாக வேண்டும், அதுவரை கிட்டில் தெரியாது. காட்டவில்லையே என்று மேலும் போட்டு அளவு தவறிப்போகும். நான் விரும்புவதில்லை.

பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய ஃபில்டரிலிருந்து அழுக்கு ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். பழைய தண்ணீரை வாளியில் வாங்கி வந்து ஊற்றுபவர்கள் உண்டு, அதில் பெரிய பயன் இல்லை. பற்றீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பொஞ், மணல், கல் என்று ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஒரு கைப்பிடி ஸ்பொஞ் கிடைத்தாலே ஒரு மாதம் இரண்டு வாரமாகக் குறையலாம். ஆனால் நோய் வந்த தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.

போத்தலில் விற்கும் பற்றீரியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீண்ட காலம் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், போத்தல்களிலும் அதையே அடைத்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2015இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது: அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைரா உண்டு, அதில் ஒன்றைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஃபில்டரிலிருந்து. எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாம் சும்மா கழுவி விடுகிற அழுக்கில் இவ்வளவு இருக்கிறது! போத்தல் வாங்குவதென்றால் திகதி பாருங்கள். வெயிலில் வாகனத்தில் வந்து மாதக் கணக்காகக் கடைத் தட்டில் நின்றதில் உயிரோடு எவ்வளவு இருக்கும் என்பதையும் யோசியுங்கள். நான் வாங்குவதில்லை.

இனித் தண்ணீர். நம் பகுதியில் இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்துக் குழாயில் வருகிறது, அதில் குளோரின் இருக்கும். குளோரின் நாம் வளர்க்கிற பற்றீரியாவையே கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், எயார் பம்பும் போட்டால் இன்னும் நல்லது. விற்றவர் சொன்ன "ஒரு நாள்" இதற்கான ஒரு நாள்தான். அது குளோரினுக்குப் போதும், பற்றீரியாவுக்குப் போதாது.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கிணற்றுக்குக் கிணறு குணம் வேறு. கடற்கரைப் பக்கம் சில கிணறுகள் சவர். என் கிணற்றில் மீனே இல்லாமல் நைட்ரேட் லீற்றருக்கு 20 மில்லிகிராம் காட்டியது. வாளித் தண்ணீரை முதலில் சோதித்துக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே நைட்ரேட்டைப் பார்த்துத் தொட்டி தயார் என்று ஏமாந்துபோவீர்கள். மாரி மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் வேறு சிக்கல். பற்றீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகும். மழைத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை, பிஎச் 6க்குக் கீழே விழுந்து எல்லாம் நின்றுபோகும். அப்படி நின்றால் ஒரு சின்னப் பையில் கொஞ்சம் சிப்பி ஓடு போடுங்கள், அல்லது பாதி கிணற்றுத் தண்ணீர் கலவுங்கள். அழகுக்கென்று தொட்டி முழுக்கச் சிப்பி நிரப்புவது சரியில்லை, பிஎச் ஏறிவிடும். 28 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கடும் நஞ்சான வடிவில் இருக்கும், பிஎச் 8 என்றால் ஆறு ஏழு பங்கு. சிப்பிக்குப் பதிலாக என்று முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

ஹீற்றர் தேவையில்லை. நம் ஊர்ச் சூடு இந்தப் பற்றீரியாவுக்கு அளவாகப் பொருந்தும், குளிர் நாட்டுக்காரர் காசு கொடுத்துச் செய்வது நமக்குச் சும்மா கிடைக்கிறது.

ஒரு முறை அமோனியா போட்டு 24 மணித்தியாலத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியமானால் தொட்டி தயார். அடுத்த நாளும் ஒரு தடவை செய்து உறுதிப்படுத்துங்கள். பிறகு ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை இறக்கிவிட்டு அன்றைக்கே மீன் விடலாம். முதலில் நாலைந்து, இரண்டு வாரம் கழித்து மற்றவை. இரண்டடித் தொட்டிக்குத் தங்கமீன் வேண்டாம், அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம். மீன் வாங்கப் பிந்தினால் பற்றீரியாவைப் பட்டினி போடாமல் தீனி போட்டுக்கொண்டே இருங்கள்.

ஸ்பொஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் ஒரு மாத உழைப்பும் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மெதுவாகப் பிழிந்தால் போதும். கரண்ட் போனாலும் கவனம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியபோது நானும் மகளும் மாறி மாறிக் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம், ஒரு மீனும் சாகவில்லை. பிறகு பற்றரி எயார் பம்ப் ஒன்று வாங்கி வைத்தேன், மாரி வெள்ளத்தில் கரண்ட் போகும்போது இன்றும் அதுதான் கை கொடுக்கிறது.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கனவே மீன் விட்டுவிட்டிருந்தால், தீனியை இரண்டு நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். தினமும் பாதித் தண்ணீரைக் குளோரின் போன தண்ணீரால் மாற்றுங்கள். நைட்ரைட் காட்டினால் 50 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துச் சேருங்கள், உப்பில் உள்ள குளோரைட்டு நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை இதை விடாமல் செய்ய வேண்டும். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தக் கப்பிகளில் பாதியாவது பிழைத்திருக்கும்.