கவுன்ட்டி அணிக்கு ஆடுவது பிழைப்புக்கு வழியாகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பன்னிரண்டு வயது மகன் உள்ளூர் சங்கத்தில் ‘கேலிக்’ (Gaelic) எனப்படும் அயர்லாந்தின் மரபுக் கால்பந்து ஆடுவதாகவும், ஒருநாள் கவுன்ட்டி (மாவட்ட) அணிக்கே அவன் ஆடக்கூடும் என்று பயிற்சியாளர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி அவன் எதிர்காலத்தை அமைக்கலாமா, அதில் வருமானம் எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். டப்ளினில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்ந்து, என் மகனையும் இதே ஆட்டத்தில் வளர்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வருமானம் கிடையாது. 1884ஆம் ஆண்டு தர்லெஸ் நகரில் தொடங்கிய, இந்த ஆட்டத்தை நடத்தும் ஜி.ஏ.ஏ. அமைப்பு, ஆடுபவர்க்குச் சம்பளம் இல்லை என்ற விதியை இன்றும் கைவிடவில்லை. பயணப்படியும், அரசு தரும் சிறு உதவித்தொகையும் மட்டும் உண்டு. 82,300 பேர் கொள்ளும் குரோக் பார்க் அரங்கம் நிரம்பியிருக்க இறுதிப் போட்டி ஆடியவரும், அந்த வாரமோ அடுத்த வாரமோ தம் வேலைக்குத்தான் திரும்புகிறார்.

டப்ளின் அணியில் கோல்காப்பாளராக ஆடிய ஸ்டீபன் கிளக்ஸ்டனைப் பாருங்கள். 2001இல் அணிக்குள் வந்த அவர் பள்ளி ஆசிரியர். 2011 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் கெர்ரி கவுன்ட்டி அணியுடன் புள்ளிகள் சமமாக நின்ற கடைசி நிமிடத்தில், தம் கோல் எல்லையிலிருந்து நடந்து முன்னே வந்து, கிடைத்த தனி உதையைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலாக அனுப்பினார்; இந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு புள்ளி. கொண்டாட நிற்காமல் உடனே தம் இடத்துக்கு ஓடித் திரும்பினார். டப்ளின் 1995க்குப் பிறகு முதன்முறையாகக் கோப்பையை வென்றது அன்றுதான். 2023இல் நாற்பத்தொரு வயதில் ஒன்பதாவது அகில அயர்லாந்துப் பதக்கமும் பெற்றார். இவ்வளவு புகழ் பெற்றவருக்கும் சோறு போட்டது ஆசிரியர் வேலைதான்.

ஆனால் உழைப்பில் எந்தச் சலுகையும் இல்லை என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு வாரத்தில் பல மாலைகள் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என்றே இளமை போகும். டப்ளினில் வேலை பார்க்கும் மேற்குக் கவுன்ட்டிக்காரர்கள், பயிற்சிக்காக ஊருக்குக் காரோட்டிப் போய் நள்ளிரவில் திரும்புவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே மகன் ஆடட்டும், படிப்பையும் அதே அக்கறையோடு படிக்கட்டும். கவுன்ட்டி வீரர்களில் ஆசிரியர்கள் நிறைய இருப்பதற்குக் கோடை விடுமுறையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நம் நிறத்துப் பிள்ளையை ஏற்பார்களா என்ற உங்கள் அச்சத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். 1995இல் டப்ளின் வென்றபோது ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த ஜேசன் ஷெர்லாக்கின் தந்தை ஹாங்காங்கைச் சேர்ந்தவர். அவர் இனவசையும் கேட்டார், பின்னாளில் அதே அணியின் பயிற்சிக் குழுவிலும் இடம்பெற்றார். இரண்டுமே உண்மை. அப்படி ஒரு சொல் மகன் காதில் விழுந்தால், பொறுத்துப் போகச் சொல்லாமல் அன்றைக்கே சங்கத்தில் முறையிடுங்கள்.

நீங்களும் சங்கத்துக்குள் செல்லுங்கள். என் மகன் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியபோது, முறைவைத்து ஜெர்சி துவைக்கும் பொறுப்பு ஒரு வாரம் எங்களுக்கு வந்தது. சேறு அப்பிய இருபது ஜெர்சிகளை மூன்று தவணையாகத் துவைத்து, வீடெங்கும் உலர்த்தி, எண் வரிசையில் மடித்துக் கொடுத்தாள் என் மனைவி. அதுவரை தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட தாய்மார்கள் அடுத்த சனிக்கிழமை அவளைப் பெயர் சொல்லி அழைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று: பற்காப்பு அணியாமல் பயிற்சிக்குக்கூட இறங்கவிட மாட்டார்கள். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள், இரண்டாக வாங்கி ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள்.