மழைக்குப் பிறகு பட்டுப்போகும் மரங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, வறட்சியையும் மண்ணையும் காட்டு மரங்களையும் பற்றியவை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டில், மழை பொய்த்த ஆண்டுகளைத் தாக்குப்பிடித்து நின்ற பெரிய மரங்கள், நல்ல மழை பெய்து ஓராண்டு கழிந்த பிறகு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. மழை இல்லாதபோது சாகாத மரம், மழை வந்த பிறகு சாவது ஏன்? இது ஏதேனும் நோயா?
— ஒரு வாசகர், கூடலூர்

நோயும் சேர்ந்திருக்கலாம், ஆனால் காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. முதுமலைக் காட்டில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 50 ஹெக்டேர் பரப்பை அளந்து, அதிலிருந்த ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தடிமன் கொண்ட மரஞ்செடிகள் அனைத்துக்கும் எண் கட்டினார்கள். அப்போது எண்ணிக்கை ஏறத்தாழ 26,000. அவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது பட்டது என்பதை ஆண்டுதோறும் சென்று பார்த்துக் குறித்து வருகிறார்கள். அந்தக் குறிப்புகளின்படி, சிறு கன்றுகளின் சாவுக்கு நெருப்பும் யானையும் பெருமளவு காரணம். பெரிய மரங்களின் சாவோ, அந்தந்த ஆண்டின் மழையைவிட, முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் பெய்த மழையோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

இளநீர் குடிக்கும்போது, தீரும் தறுவாயில் குழாயில் காற்று ஏறிக் 'கர்' என்று சத்தம் வருவதைக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு எவ்வளவு உறிஞ்சினாலும் ஒழுங்காக நீர் ஏறாது. மரத்தின் நீர்க்குழாய்களிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகும் இழுவிசையால்தான் வேரிலிருந்து நீர் மேலே வருகிறது. மண் காயக்காய அந்த இழுவை கூடி, ஒரு கட்டத்தில் குழாயில் கம்பிபோல் தொடர்ந்து நிற்கும் நீர் அறுந்து குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அறுபடும்போது எழும் ஒலி நம் செவிக்கு எட்டாது என்றாலும், தண்டில் கருவி பொருத்தினால் பதிவாகும். இப்படிக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்ட மரம், மழை வந்த பின்னும் பழைய அளவு நீரை உச்சிக்குக் கொண்டுசெல்ல முடியாது. இதைத் தவிர்க்கவே மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிக்க வேண்டிய கரியமிலவாயுவும் உள்ளே வராது. எனவே தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று நாளைக் கடத்துகிறது. அந்தச் சேமிப்பு வற்றிய நேரத்தில் தண்டு துளைக்கும் வண்டுகள் வந்தால், பிசின் சுரந்து எதிர்க்கவும் அதற்குத் திராணி இருக்காது. கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியில் பட்டுப்போன 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்களில், பைன் மரங்களுக்குக் கடைசி அடியைப் பெரும்பாலும் பட்டைவண்டுகளே கொடுத்தன.

கேள்வி: ஆழமாக வேர்விட்ட மரம்தானே வறட்சியைத் தாங்கும்? அப்படியிருக்க, பெரிய மரங்கள் முதலில் சாவது முறையாகத் தோன்றவில்லையே.
— ஒரு வாசகி, மசினகுடி

ஓராண்டு வறட்சிக்கு நீங்கள் சொல்வது சரி. பல ஆண்டுகள் நீளும் வறட்சியில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மேல்மண்ணை நம்பி வாழும் மரம் அன்றாடக் கூலிக்குச் செல்பவரைப் போன்றது. மழை பெய்த ஆண்டில் நன்றாகப் பருக்கும், பெய்யாத ஆண்டில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும், அடுத்த மழைக்கு உடனே எழுந்துவிடும். ஆழவேர் மரமோ குதிரில் நெல் வைத்திருக்கும் வீடு. மண்ணுக்குக் கீழே, கிணறு வெட்டும்போது கடப்பாரைக்கு உதிரும் அந்த உளுத்த பாறையின் இடுக்குகளில் தேங்கியிருக்கும் நீரை அது குடிக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மழை ஏறி இறங்கினாலும் அதன் வளர்ச்சி பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அந்தக் குதிர் நிரம்புவது எப்போதாவது வரும் பெருமழை ஆண்டுகளில்தான். சராசரிக்குச் சற்றுக் குறைவான மழை தொடர்ந்து சில ஆண்டுகள் பெய்தால், மேல்மண்ணும் புல்லும் சிறு வேர்களுமே அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். கீழே ஒரு சொட்டும் இறங்காது. மேலே காடு பச்சையாகத் தெரிய, கீழே குதிர் காலியாகிக்கொண்டிருக்கும்.

இது என் ஊகமன்று. முதுமலையின் அதே 50 ஹெக்டேரில் இருபது ஆண்டுகளாகத் திரண்ட வளர்ச்சிக் கணக்கையும் மழைக் கணக்கையும் இணைத்து, ருதுஜா சித்ரா-தாரக்கும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வின் சாரமே இது. நீண்ட வறட்சியில் அதிகம் செத்தவை ஆழத்து நீரை நம்பியிருந்த மரங்கள் என்பதை அவர்கள் காட்டினார்கள். ஒரே ஆண்டின் மழையளவைப் பார்த்துவிட்டுக் 'காடு தப்பித்தது' என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு அவசரமானது என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கேள்வி: எங்கள் பக்கம் செம்மண் சரளையில் நிற்கும் மரங்கள் கோடையில் பசுமையாக இருக்க, நல்ல களிமண்ணில் நிற்பவை வாடுகின்றன. களிமண்தானே நீரைப் பிடித்து வைக்கும்?
— ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பிடித்து வைக்கும், விட்டுக்கொடுக்காது என்பதுதான் சிக்கல். ஒரு கை ஈரக் களிமண்ணையும் ஒரு கை ஈர மணலையும் எடுத்துப் பிழிந்து பாருங்கள். மணலிலிருந்து நீர் விரலிடுக்கில் சொட்டும்; களிமண் ஈரமாகவே இருந்தும் ஒரு துளிகூட வராது. களிமண்ணின் நுண்ணிய துகள்கள் நீரை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 மடங்கு இழுவைக்கும் வராத நீரைப் பயிருக்கு உதவாத நீர் என்று மண்ணியலார் கணக்கிடுவார்கள்; வறண்ட காட்டு மரங்கள் பல அதையும் மீறி இழுக்கக்கூடியவை என்றாலும், அதற்குரிய விலையை முன்சொன்ன காற்றுக்குமிழிகளாகக் கொடுக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். வறண்ட நிலத்தில் பெய்யும் சிறுமழை களிமண்ணின் மேல்தோலை மட்டும் நனைத்துவிட்டு, மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடும். அதே மழை சரளையில் சரசரவென்று இறங்கி, வெயில் எட்டாத ஆழத்தில் வேருக்காகக் காத்திருக்கும். போதாக்குறைக்குக் கரிசல் போன்ற மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது நுண்வேர்கள் அறுந்துவிடுகின்றன. கருவேலம் அதைச் சமாளிக்கும். வடிகால் கேட்கும் தேக்கு அங்கே பெரும்பாலும் குட்டையாகவும் கோணலாகவுமே நிற்கும். மழை மிகுந்த ஊர்களில் இந்த வேறுபாடு மாறி, களிமண்ணே கைகொடுப்பதும் உண்டு.

ஆனால் சரளை என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு சாண் சரளைக்குக் கீழே விரிசலில்லாத பாறை படுத்திருந்தால், முதலில் வாடும் மரம் அங்கே நிற்பதாகத்தான் இருக்கும். உங்கள் பகுதியில் எது பொருந்தும் என்பதைப் பக்கத்துக் கிணற்றின் சுவரை எட்டிப் பார்த்தாலே அறியலாம். மண், சரளை, உளுத்த பாறை, கெட்டிப் பாறை என்று அது அடுக்கடுக்காகத் தெரியும், எந்த அடுக்குவரை வேர் தொங்குகிறது என்பதும் தெரியும்.

கேள்வி: சித்திரை வெயிலில், மழைக்கு முன்பே பல காட்டு மரங்கள் துளிர்ப்பது எப்படி? வறட்சியில் இது தற்கொலை அல்லவா?
— ஒரு மாணவி, திண்டுக்கல்

இலை முழுவதையும் உதிர்த்த மரம் நீரை மிகக் குறைவாகவே இழக்கிறது. எனவே மண் வறண்டிருக்கும்போதே, ஆழவேர் கொண்டுவரும் கொஞ்ச நீரால் தண்டு மெல்ல நிரம்பிவிடுகிறது. அந்தச் சேமிப்பில்தான் புரசு இலையின்றிப் பூக்கிறது, மற்றவை கொழுந்து விடுகின்றன. அதனால் கிடைக்கும் ஆதாயமும் சிறிதல்ல. மழையோடு இலைதின்னிப் புழுக்கள் பெருகும் முன்பே இலை முற்றிவிட்டால் சேதம் குறைவு. முதுமலையில் நடத்தி 1993இல் வெளியான ஓர் ஆய்வு, முந்தித் துளிர்த்த மரங்களின் இலைகளைவிடப் பிந்தித் துளிர்த்தவற்றின் இலைகள் அதிகம் தின்னப்பட்டிருந்ததைக் காட்டியது. குதிர் காலியான ஆண்டில் மட்டும் நீங்கள் அஞ்சுவது நடக்கக்கூடும்.

இலையில்லாத காலத்திலும் சும்மா இராத மரம் பச்சைக்கிளுவை. காகிதம்போல் உரியும் அதன் மேல்தோலை விலக்கிப் பாருங்கள், உள்ளே தண்டு இலைப்பச்சையாக இருக்கும். தண்டே சிறிது உணவு தயாரித்துக்கொள்கிறது.

கேள்வி: இலையுதிர்ந்து நிற்கும் மரத்தையும் பட்ட மரத்தையும் கோடையில் பிரித்தறிவது எப்படி?
— ஒரு வாசகர், தேனி

சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகப் பொடிந்தால் அந்தக் கிளை பட்டுவிட்டது. ஒரு கிளையோடு முடிவுக்கு வந்துவிடாமல், நுனியிலிருந்து தண்டை நோக்கி வந்து, கடைசியாக அடிமரத்தில் கீறுங்கள். வறட்சியில் மரம் நுனியிலிருந்தே காய்ந்து வரும் என்பதால், உச்சி முழுவதும் மொட்டையான பிறகும் அடித்தண்டு பச்சையாக இருப்பது சாதாரணம். அத்தகைய மரத்தைப் பட்டதாகக் குறித்து வெட்டிவிட்டு, மறு ஆனியில் அதன் அடிக்கட்டையில் தளதளவென்று தளிர் வந்ததை நானே பார்த்துத் தலைகுனிந்திருக்கிறேன். ஐயம் இருந்தால் இரண்டு மழைக்காலம் பொறுத்திருங்கள்.