(2√க + 3)(√க − 5) போன்ற வர்க்கமூலக் கோவைகளை எப்படிப் பெருக்குவது? (√க + 3)² ஏன் க + 9 ஆகாது?

வர்க்கமூலத்தைப் பார்த்ததும் அதற்கென்று தனி விதி ஏதோ இருக்கிறது என்று நினைத்துத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. வழக்கமான பங்கீட்டுப் பண்புதான். √க × √க = க என்பது கூடவே நினைவில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நான் சொல்லிக்கொடுக்கும்போது மூலக்குறியையே முதலில் மறைத்துவிடுவேன். √க வரும் இடத்திலெல்லாம் ட என்று போடுங்கள்.

(2ட + 3)(ட − 5) = 2ட² − 10ட + 3ட − 15 = 2ட² − 7ட − 15

இதைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. இனி ட² இருக்கும் இடத்தில் க, ட இருக்கும் இடத்தில் √க என்று திரும்ப எழுதினால் 2க − 7√க − 15. சரிபார்க்க க = 4 என்று வையுங்கள்: இடப்பக்கம் 7 × (−3) = −21; வலப்பக்கம் 8 − 14 − 15, அதுவும் −21. 0, 1 இரண்டையும் வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் √க-வும் க-வும் ஒன்றே என்பதால், ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட்டாலும் விடை சரிபோலத் தெரியும்.

இதே வழியில் (ட + 3)² = ட² + 6ட + 9. ஆக (√க + 3)² = க + 6√க + 9. க + 9 என்று எழுதுகிறவர்கள் நடு உறுப்பை விழுங்கிவிடுகிறார்கள். க = 4 எனில் 25 வர வேண்டும்; அவர்களுக்கு 13தான் வரும்.

இதற்கு உடன்பிறந்த பிழை √(க + 9)-ஐ √க + 3 என்று பிரிப்பது. க = 16 போட்டால் ஒன்று 5, மற்றது 7. பெருக்கலை மூலக்குறி பிரிய விடும், கூட்டலை விடாது. குறி எதுவரை செல்லும் என்பதைக் காட்டத்தான் மேல்கோடு. 1525-இல் ஜெர்மன் கணிதவியலர் ருடால்ஃப் அச்சிட்ட √ குறியில் அது இல்லை. 1637-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் டேக்கார்ட் சேர்த்தார். தட்டச்சில் கோடு போட முடியாததால் அடைப்புக்குறியைத் தவறவிடாதீர்கள்.

எண்களும் உள்ளே இருந்தால், √(6க) × √(10க)-ஐ √(60க²) ஆக்கிவிட்டு 60-ஐ உடைப்பதைவிட, முதலிலேயே 2 × 3, 2 × 5 என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு 2-களும் இரண்டு க-க்களும் ஜோடி சேர்ந்து வெளியே வந்துவிடும்: 2க√15. இங்கே மட்டுக்குறி (| |) தேவையில்லை; √(6க) என்று எழுதும்போதே க குறை எண் இல்லை என்றாகிவிடுகிறது. தனியாக √(க²) வந்தால் மட்டும் |க| என்று எழுத வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, நடுக்குறி மட்டும் மாறும் இணைக் கோவைகளின் பெருக்கல்.

(√(க + 1) + √க)(√(க + 1) − √க) = (க + 1) − க = 1

க எதுவானாலும் விடை 1தான்! இதை வைத்து √10001 − √10000 எவ்வளவு என்று மனதிலேயே சொல்லலாம். இரண்டின் கூடுதல் 200-ஐ ஒட்டியது. அதனால் வித்தியாசம் ஏறக்குறைய 1/200, அதாவது 0.005. பின்னத்தின் பகுதியில் வர்க்கமூலம் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்தால், அதை நீக்கும் (விகிதப்படுத்தும்) கணக்குகளிலும் இதே உத்திதான்.

ஒரு எச்சரிக்கை: √(−4) × √(−9)-ஐ √36 = 6 என்று எழுதக் கூடாது. உள்ளே இரண்டும் குறை எண்ணாக இருந்தால் பெருக்கல் விதி செல்லாது. கற்பனை எண்களாக மாற்றிப் பெருக்கினால் −6 வரும்.