ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள் ஒரே கட்டையில் ஆயிரக்கணக்கில் அடித்த பிரதிகள்தானே, அவற்றுக்கு ஏன் இவ்வளவு விலை?

"பிரதிகள்தானே" என்பதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் இணைய ஏலத்தில் எதையோ பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். நான் கலை வரலாறு படித்தவன் அல்லன். ஒன்பது வருடமாக டோக்கியோவில் கணினி வேலை பார்ப்பவன், ஏமாந்து கற்றுக்கொண்டவன். நிபுணர்கள் பின்னூட்டத்தில் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

உகியோ-எ என்று சொல்லப்படும் இந்த மர அச்சு ஓவியத்துக்குப் பின்னால் "கையால் வரைந்த அசல்" என்று ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறோம். கிடையாது. ஓவியர் மெல்லிய காகிதத்தில் கோட்டோவியமாகத் தருவார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரி மரக் கட்டையில் குப்புற ஒட்டி, காகிதத்தோடு சேர்த்தே வெட்டுவார். ஓவியர் வரைந்தது அங்கேயே அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் காகிதம் மயிரிழை பிசகாமல் உட்கார, கெந்தோ என்ற அடையாள வெட்டு ஒன்று மூலையிலும் ஒன்று ஓரத்திலும் இருக்கும். கடைசியில் வெளியே வரும் தாள்தான் அசல். அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

விலை வேறு கதை. எடோ காலத்தில், அதாவது டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த 1603-1868 காலத்தில், இவை ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்குத்தான் விற்றன. இன்று கொட்டிக் கொடுப்பது, கட்டை தேயும் முன் அடித்து, வெயில் படாமல் நிறம் தப்பித்த சில தாள்களுக்கு. ஓவியர் ஹொகுசாயின் பேரலை 1831 வாக்கில் வந்தது. அதில் தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தின் கோடு முறிந்திருந்தால் பிந்தி அடித்தது என்று கண்டுகொள்வார்கள். 2024இல் வந்த புதிய ஆயிரம் யென் நோட்டிலும் அந்த அலைதான். என் மச்சான் அதைக் காட்டி, "இந்தப் படத்துக்கா லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள்? இதோ ஆயிரத்துக்கே தருகிறார்களே" என்றார். நோட்டும் அச்சடித்ததுதான் மச்சான், அதை மட்டும் ஏன் பர்ஸில் பத்திரமாக வைக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஓவியர் ஹிரோஷிகேயின் "ஓஹாஷி பாலத்தின் மேல் திடீர் மழை" படத்தை "எடோ கால அசல்" என்ற விளம்பரத்தை நம்பி 22,000 யென்னுக்கு வாங்கினேன். 1857இல் வெளிவந்தது. எடோவின் நூறு காட்சிகள் வரிசையில் ஒன்று. முப்பது வருடம் கழித்து டச்சு ஓவியர் வான்கா இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மரப் பாலத்தில் குடைக்குள்ளும் ஓலைப் பாய்க்கு அடியிலும் குனிந்து ஓடுகிறார்கள். ஆற்றில் ஒற்றை ஆள் தெப்பம் தள்ளுகிறான்.

பெருமையோடு, டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில் ஒரு பழைய அச்சுக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரருக்கு எண்பது வயதிருக்கும். முகப்பை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தாளைத் திருப்பினார். முதுகில் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். பாரென் என்று மூங்கில் உறையால் கட்டிய வட்டத் தட்டு. அதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துத்தான் அச்சடிப்பார்கள், எந்திரம் கிடையாது. பிறகு தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

"நல்ல கை. ஆனால் ஹிரோஷிகே காலத்துக் கட்டை இல்லை. இருபதாம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கி அடித்தது."

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, மழையை விரலால் காட்டினார். அது இரண்டு கட்டைகளில் செதுக்கிய மழை. இரண்டிலும் சாய்வு வேறு. கட்டையில் கோடு என்பது பள்ளம் அல்ல, மேடு. ஒவ்வொரு துளிக் கோட்டையும் நூல் கனத்துக்கு நிற்க விட்டு, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் எடுக்க வேண்டும். கத்தி ஒரு முறை நழுவினால் மழை அறுந்துவிடும். மேலே கருமேகத்துக்குக் கட்டையில் உருவமே கிடையாது. ஈரக் கட்டையில் அச்சடிப்பவர் மையைக் கையாலேயே கலைத்துவிடுவார். அதனால் ஒரு தாளின் மேகம் இன்னொரு தாளில் வராது. இதையா பிரதி என்கிறீர்கள்?

இடது ஓரத்தில் இருந்த சின்ன எழுத்துகளையும் வாசித்துக் காட்டினார். செதுக்கியவர் பெயர், அச்சடித்தவர் பெயர். எடோ காலத்துத் தாள்களில் ஓவியர் பெயர் இருக்கும், பதிப்பாளர் முத்திரை இருக்கும். இந்த இரண்டு பேரையும் பெரும்பாலும் போடமாட்டார்கள். என் "போலி"யில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து 22,000 யென் எனக்கு வலிக்கவில்லை. (கொஞ்சம் வலித்தது.)

பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, அங்கே படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடக் கூலி குறைவு என்று தாளைச் சுருட்டிக் கொண்டுவந்தேன். அதுதான் தப்பு. "ஜப்பானிலிருந்து காகிதமா கொண்டுவந்தாய்?" என்று வீட்டில் கேட்டதை விடுங்கள். சட்டக் கடைக்காரர் இரண்டே நாளில் பளபளவென்று கொடுத்தார். தாளை அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தார். நாலு பக்கமும் வெள்ளை ஓரத்தைக் காணவில்லை.

"வெறும் வெள்ளைதானே சார், கிறுக்கல் வேறு இருந்தது. நீட்டாக வெட்டிவிட்டேன்" என்றார்.

அந்தத் துண்டு வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டார். கடையைக் காலையிலேயே பெருக்கிக் குப்பை வண்டியில் போட்டாயிற்று என்றான் அவன்.