பயிர் பச்சையாக நிற்கிறது, நெல் ஏன் பதராகிறது?

கேள்வி: நடவு செய்ததிலிருந்து வயலில் தண்ணீர் வற்றவிடுவதே இல்லை. யூரியா மூன்று முறை போடுகிறேன். பயிர் கருகருவென்று வளர்கிறது. ஆனால் கதிர் முற்றும்போது சாய்ந்துவிடுகிறது, பதரும் அதிகம். இன்னும் உரம் கூட்டினால் விளைச்சல் ஏறுமா?

பதில்: கூட்டாதீர்கள். கரும்பச்சை, சாய்தல், பதர் மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) மிஞ்சியிருக்கும், அல்லது நேரம் தப்பிப் போட்டிருப்பீர்கள்.

இனி யூரியாவை நாள் எண்ணிப் போட வேண்டாம். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையோடு (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை) வயலில் இறங்குங்கள். முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பத்து இலைகளில் குறைந்தது ஆறு இலைகள் 4-ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் யூரியா போடலாம்; இல்லாவிட்டால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலான நடவு ரகங்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்.

தேங்கிய தண்ணீரில் யூரியா வீசுவதையும் விட்டுவிடுங்கள். தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். பாசி படர்ந்த வயலில் வெயில் நேரத்தில் இழப்பு இன்னும் அதிகம். களையெடுத்து, தண்ணீரை வடித்துப் போட்டுவிட்டு, அப்புறம் பாய்ச்சுங்கள். சத்து வேருக்கு இறங்கும்.

பலர் கோட்டைவிடுவது கதிர் உருவாகும் பருவத்தில்தான். தாய்த்தூரை, அதாவது குத்தின் முதன்மைத் தண்டை, நெடுக்காகக் கீறினால், மேல் கணுவை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெண்பஞ்சு போல இளங்கதிர் தெரியும். நடவுக்கு முன் இடும் அடியுரத்தில் பொட்டாஷ் முழுவதையும் போட்டுவிடாமல், பாதியை இந்தச் சமயத்துக்கு வைத்திருங்கள். தண்டு உறுதிப்படும், மணி நிரம்பும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) முழுவதும் அடியுரமாகவே போகட்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவதுதான், நல்லது. 30 செ.மீ. குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நட்டு இரண்டு வாரம் கழிந்ததும், குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும்போது மட்டும் பாய்ச்சினால் போதும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் இந்தச் சிக்கனம் கூடாது, 5 செ.மீ. தண்ணீர் நின்றே ஆக வேண்டும். அப்போது வயல் காய்ந்தால் பதர் உறுதி. உவர் நிலமானால் காயவிடும் முறையே வேண்டாம், உப்பு மேலேறிவிடும்.

அறுவடைக்கு 10 முதல் 15 நாள் இருக்கும்போது தண்ணீரை வடித்துவிடுங்கள்.