நிரூபணத்தை லீனில் எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். என் புராஜெக்டில் உள்ள நான்கு பக்க நிரூபணத்தை, நிரூபணங்களைக் கணினியே சரிபார்க்கும் லீன் மொழியில் எழுதிச் சரிபார்க்க ஆசை. முதல் வரியிலிருந்து அப்படியே டைப் செய்து போகலாமா? ஏஐ-யிடம் கொடுத்தால் மாற்றித் தந்துவிடுமா?

பதில்: முதல் வரியை விடுங்கள். தேற்றத்தின் கூற்றை மட்டும் எழுதி, நிரூபணம் வரவேண்டிய இடத்தில் 'சாரி' (sorry) என்ற கட்டளையைப் போடுங்கள்; 'நிரூபணம் பிறகு வரும்' என்று அதற்கு அர்த்தம். லீன் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் கூற்றோடுதான் நிறைய நேரம் மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் எழுதியதைத்தான் லீன் சரிபார்க்கும், மனதில் நினைத்ததை அல்ல. இயல் எண்களில் 2 − 3 என்று எழுதினால் அதற்கு விடை 0. மெய்யெண்களில் 1/0 என்பதும் 0 தான்! எல்லா உள்ளீட்டுக்கும் ஏதாவது ஒரு மதிப்பு வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கழித்தலோ வகுத்தலோ வரும் இடத்தில் நிபந்தனையை விட்டுவிட்டால், நிரூபணம் சரியாக இருக்கும், தேற்றம் வேறொன்றாகியிருக்கும். நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலோ எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். அதனால் உங்கள் வரையறைகளைச் சின்ன எடுத்துக்காட்டுகளில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் நிரூபணத்தைத் துணைத்தேற்றங்களாக உடையுங்கள். 'இதேபோல்', 'இது தெளிவு' என்று எழுதிய ஒவ்வோர் இடமும் பெரும்பாலும் தனித் துணைத்தேற்றமாகிவிடும். எடுத்துக்காட்டாக, 2023 நவம்பரில் கவர்ஸ், கிரீன், மேனர்ஸ், டாவ் என்ற கணிதவியலாளர்கள் நால்வரும் ஃபிரெய்மன்–ரூஷா ஊகத்தின் ஒரு வடிவத்தை நிரூபித்தார்கள். டாவ் முன்னின்று நடத்த, பலர் சேர்ந்து அதைச் சுமார் மூன்றே வாரத்தில் லீனில் எழுதி முடித்தார்கள். பேட்ரிக் மாசோவின் புளூபிரிண்ட் கருவியில் எது எதைச் சார்ந்தது என்ற வரைபடம் இருந்ததால், முழு நிரூபணமும் புரியாதவர்கூட ஒரு துண்டை எடுத்து முடிக்க முடிந்தது.

எழுதுவதற்கு முன், லீனின் கணித நூலகமான மேத்லிப்பில் லூகிள் (Loogle) என்ற தேடுகருவி வழியாகத் தேடுங்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கலாம். ஆனால் அங்கே எல்லாம் மிகப் பொதுவான வடிவில் இருக்கும். எல்லையைக்கூட (limit) ஃபில்டர் என்ற பொதுவான கருத்தை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறார்கள், பாடப்புத்தக எப்சிலான் வடிவம் அதிலிருந்து பெற்ற தேற்றமாகத்தான் கிடைக்கும்.

சரி, ஏஐ? 'சாரி' இருக்கும் இடங்களை நிரப்ப விடுங்கள். இல்லாத தேற்றத்தின் பெயரை அது கூசாமல் எழுதும், லீன் பிடித்துவிடும். கூற்றைத் தப்பாக எழுதினால் பிடிக்க ஆளில்லை, அதை நீங்களே எழுதுங்கள்.

லீன் புதிது என்றால், பிரவுசரிலேயே ஓடும் 'நேச்சுரல் நம்பர் கேம்' ஆடிவிட்டு வாருங்கள். கடைசியில் உங்கள் தேற்றத்துக்கு, அது எந்த அடிக்கோள்களைச் சார்ந்தது என்று பட்டியலிடும் 'பிரின்ட் ஆக்சியம்ஸ்' (#print axioms) கட்டளை கொடுங்கள். பட்டியலில் 'சாரிஆக்ஸ்' (sorryAx) வந்தால், எங்கோ ஒரு 'சாரி' இன்னும் பாக்கி இருக்கிறது.