குளக்கரையில் குடும்பத்தோடு பறவை பார்க்க: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. பல வருடங்களாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே குளத்து மேட்டில்தான். பிள்ளைகளும் கூடவே வந்து வளர்ந்தார்கள். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணா, நாங்கள் உக்கடத்தில் இருக்கிறோம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். நேராக வெள்ளோட்டுக்குப் போய்விடலாமா?

ஈரோடு பக்கத்திலிருக்கும் வெள்ளோடு அருமையான இடம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த பறவைச் சரணாலயம். ஆனால் முதலில் உங்கள் பெரியகுளத்துக்கே நாலு ஞாயிறு போங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் "இது போன வாரம் இல்லையே" என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அந்த ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் எழுப்பிவிட வேண்டியதில்லை. ஆறரைக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்று பாருங்கள், வெயில் முதுகில் விழும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

மழைக்கு அப்புறம் சூலூர் குளம் நிறைந்து கிடந்தது. ஆசையாகப் போனோம், நாலு நீர்க்காகம் தவிர ஒன்றுமில்லை. ஏனுங்க?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குளம் நிரம்பினால் பறவை கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல பறவைகளுக்கு நிலைமை நேர்மாறு. நெடுங்கால் உள்ளான், சிவப்புக் குச்சி போன்ற காலோடு இருக்குமே, அதற்குத் தன் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். சின்ன உள்ளான்களுக்கு அதுகூட வேண்டாம், ஈரச் சேறு இருந்தால் சரி. கரண்டிவாயனும் நாரையும் நடந்து மேய்கிறவை, ஆழத்தில் நிற்க முடியாது. குளம் கரை தொட்டு நின்றால் இவற்றுக்கெல்லாம் இலை போட இடமில்லை. முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும்தான் அப்போது விருந்து.

தை, மாசியில் தண்ணீர் இறங்கி, ஓரத்தில் சேறு தலைகாட்டும்போது அதே குளத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கே ஆழம், எங்கே சேறு, எங்கே சம்புப் புதர் என்று பிள்ளைகளை முதலில் தண்ணீரைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பது பாதி அதிலேயே விளங்கிவிடும்.

கறுப்பு வாத்து கூட்டம் கூட்டமாக மிதக்கிறது, நெற்றியில் மட்டும் வெள்ளை. பேர் என்ன?

நாமக்கோழி. நெற்றியில் நாமம் போட்டது போல இருப்பதால் அந்தப் பேர். வாத்து இனமே இல்லை. தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் பறக்க எழும்பும். நெற்றி சிவப்பாக, அலகு நுனி மஞ்சளாக, வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு ஓரமாகத் திரிந்தால் அது தாழைக்கோழி.

என் மகள் ஒரு குட்டிப் பறவையைக் காட்டினாள். நான் திரும்புவதற்குள் காணோம்! முதலை பிடித்துவிட்டதா என்று கேட்கிறாள்.

பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், அது முக்குளிப்பான். முங்கிய இடத்திலேயே கண்ணை வைத்திருந்தால் ஏமாந்துபோவோம், கொஞ்சம் தள்ளி வேறொரு பக்கம் எழும்பும். எந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டி விளையாடலாம், எங்கள் வீட்டில் இன்றும் நடக்கிறது. குஞ்சு பொரித்த காலத்தில் பொறுமையாகப் பார்த்தால், தாயின் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு போட்ட சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்க்கும். கூட்டை விட்டுப் போகும்போது முட்டை மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுத்தான் போகும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் கொக்குதானே?

பெரும்பாலும் கொக்குதான், ஆனால் எந்தக் கொக்கு? மாட்டுக்குப் பின்னால் நடப்பது, மஞ்சள் அலகு: உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள்: சின்னக் கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பிப் பிடிக்கும். பாதத்தைப் பார்க்க அது ஒரு காலைத் தூக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பைனாகுலர் எது வாங்குவது?

8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பிள்ளை கைக்குக் கனமாக இருந்தால் 8x32. அதிக மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முதல் இரண்டு மாதம் எதுவுமே வாங்காமல் வெறும் கண்ணால் பாருங்கள் என்பதுதான் என் கருத்து.

நஞ்சராயன் குளத்துக்கு இமயமலை தாண்டி வாத்து வருகிறதாமே, உண்மையா?

உண்மைதான். வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். மங்கோலியா, திபெத் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இந்தியாவுக்கு இறங்கும். எல்லா வருடமும் எல்லா நாளும் கிடைக்காது. மார்கழி, தையில் போய்ப் பார்க்கலாம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்ற குளிர்கால விருந்தாளிகளும் அந்தச் சமயத்தில்தான். நஞ்சராயன் குளம் 2022-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் வந்தது. திருப்பூர் சாயத்தண்ணீரைப் பற்றியே கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஊரில் இப்படியொரு குளம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது. ஆனால் அதன் மேலேயே பறவை நடக்கிறது. எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா?

எடுக்கத்தான் வேண்டும். முழுக்க மூடினால் தண்ணீருக்குள் வெளிச்சமும் காற்றும் போகாது, மீன் சாகும். நீங்கள் பார்த்தது இலைக்கோழியோ நீலத் தாழைக்கோழியோ ஆக இருக்கும். ஆனால் சுத்தம் செய்கிறோம் என்று கரையோரச் சம்பையும் நாணலையும் சேர்த்து வழித்துவிடக் கூடாது, கூடு கட்டுவது அதில்தான். உங்கள் ஊரில் குளம் தூர்வாரும்போது இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எங்கள் அப்பாருக்கு முழங்கால் வலி. கூட்டிப் போக வழி உண்டா?

காரைக் கரையோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார வையுங்கள். பறவைக்கு மனிதன் மேல் இருக்கிற பயம் காரின் மேல் இல்லை, பக்கத்திலேயே வரும். அப்பாருக்கு நாம் மறந்துபோன பறவைப் பேர்களும் தெரிந்திருக்கும், பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில் 2015-லிருந்து பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணி, ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். அவரும் சேரலாம்.

பொரி, ரொட்டி போடலாமா?

வேண்டாம்.

வற்றிய குளத்துக்குள் நடந்தோம். ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. கொத்துமா?

கொத்தாது. அது ஆள்காட்டி, தரையில்தான் முட்டை வைக்கும். ஒருமுறை நாங்களும் இப்படித்தான் கத்தலைப் பொருட்படுத்தாமல் நடந்தோம். மகள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தபோதுதான் பார்த்தாள்: கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, கூழாங்கற்களோடு கூழாங்கல்லாக நாலு முட்டை, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு. அன்று எனக்குக் கை நடுங்கியது. அது கத்தத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். தரையைப் பார்த்து, வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்புங்கள். கத்தல் நிற்கிற தூரம் வந்த பிறகு உட்கார்ந்து பாருங்கள், அது மெல்ல நடந்து போய் எங்கே உட்காருகிறது என்று.